சின்ன விமானத்துக்குப் பெரிய பில்: அமெரிக்க விமான நிலையங்களில் கூடுதல் கட்டணத்தை எதிர்த்துக் கேட்பது எப்படி

போன வருடம் ஒரு சனிக்கிழமை செஸ்னா 172 என்ற நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பறந்து, ஒரு நகரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினேன். மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவன் கையைக் காட்டி நிறுத்த வைத்தான், முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தான், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் கவுன்ட்டரில் 94 டாலருக்கு பில். ராம்ப் (விமானம் நிறுத்தும் தளம்) ஃபீ 35, ஹேண்ட்லிங் ஃபீ 40, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபீ 19. நாங்கள் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டதே 52 டாலர்தான். எரிபொருள் போடவில்லை, யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை, கழிப்பறைக்கு ஒரு தடவை போனதைத் தவிர அந்தக் கட்டடத்துக்குள் எங்களுக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

பணம் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் விடவில்லை. அடுத்த எட்டு மாதம் இதைப் படித்து, கடிதம் எழுதி, கூட்டத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் எடுத்து வாரக் கடைசியில் பறக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த மாதிரி பில்லைப் பார்த்ததும் "சரி, இந்த ஊர் வழக்கம் போல" என்று கட்டிவிட்டு, அந்த நிலையத்துக்கு மறுபடி போகாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கிப் போகவே வேண்டாம், கேட்பதற்கு வழி இருக்கிறது.

பணம் யாருக்குப் போகிறது

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லேண்டிங் ஃபீ என்பது பெரும்பாலும் விமான நிலையத்தின் சொந்தக்காரர் போடுவது. அந்தச் சொந்தக்காரர் ஒரு நகரமாகவோ கவுன்ட்டியாகவோ தனி ஆணையமாகவோ இருக்கும். ராம்ப், ஹேண்ட்லிங், ஃபெசிலிட்டி என்று பல பெயரில் வருபவை பெரும்பாலும் எஃப்.பி.ஓ. போடுபவை. எஃப்.பி.ஓ. என்றால் நிலையத்துக்குள் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து எரிபொருள் விற்று, விமானம் நிறுத்த இடம் கொடுத்து, வந்தவர்கள் உட்கார ஒரு ஹால் வைத்திருக்கும் தனியார் கம்பெனி. சில சின்ன ஊர்களில் நகராட்சியே எஃப்.பி.ஓ.வையும் நடத்தும். அங்கே விலை பொதுவாக நியாயமாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் நகராட்சியுடையது, வசூல் குத்தகைக்காரருடையது. பலகையில் போட்டிருப்பதைவிட அதிகமாக வாங்கினால் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் பையனிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, குத்தகை கொடுத்த நகராட்சியிடம்தான் போய்க் கேட்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்கு விலையை மாற்றும் அதிகாரம் கிடையாது, கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு ஏதோ மாநிலத்தில் இருக்கும். உங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர் விமான நிலையத்தின் சொந்தக்காரர்.

அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றால், அவர் ஃபெடரல் அரசின் பணத்தை வாங்கியிருக்கிறார். ஓடுபாதை போட, ராம்ப் போட, விளக்கு மாற்ற என்று ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கொடுக்கும் மானியம் சிறு நிலையங்களில் வழக்கமாக வேலைச் செலவின் 90 சதவீதத்தை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பணம் 1970-ல் தொடங்கிய விமானப் போக்குவரத்து அறக்கட்டளை நிதியிலிருந்து வருகிறது. நாம் போடும் விமானப் பெட்ரோலான ஏவ்கேஸில் ஒவ்வொரு கேலனுக்கும் 19.4 சென்ட் ஃபெடரல் வரி, அதில் 19.3 சென்ட் இந்த நிதிக்குத்தான் போகிறது. 40 கேலன் போட்டால் 7 டாலர் 72 சென்ட். நீங்கள் நிற்கும் அந்த கான்க்ரீட்டுக்கு நீங்களும் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

மானியம் வாங்கும்போது சொந்தக்காரர் ஒரு நீளமான உறுதிமொழிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். கிராண்ட் அஷ்யூரன்ஸ் என்பார்கள். கட்டுமான வேலைகளுக்கு வாங்கிய மானியத்தில் அது 20 வருடம் வரை கட்டுப்படுத்தும், நிலம் வாங்க மானியம் எடுத்திருந்தால் காலக்கெடுவே இல்லை. நமக்கு வேண்டியது 22-ம் எண். நியாயமான நிபந்தனைகளில், காரணமில்லாத பாகுபாடு இல்லாமல், எல்லா வகை விமானங்களுக்கும் நிலையத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது அது. அதன் உட்பிரிவு பி-யைத் தனியாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் சேவை செய்ய யாருக்காவது ஒப்பந்தம் கொடுத்தால், ஒவ்வொரு சேவைக்கும் நியாயமான, பாகுபாடில்லாத விலைதான் வாங்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதவும் வேண்டும், எழுதியதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும் என்று அது சொல்கிறது. "எஃப்.பி.ஓ. தனியார், அவர்கள் விலையில் நாங்கள் தலையிட முடியாது" என்று மேனேஜர் சொல்வார், எனக்கு முதல் கடிதத்துக்கு வந்த பதிலும் இதேதான். உட்பிரிவு பி-யை மேற்கோள் காட்டி எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

உங்கள் நிலையத்துக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டா என்று பார்ப்பது சுலபம். ஒவ்வொரு நிலையத்துக்கும் எஃப்.ஏ.ஏ.விடம் 5010 என்ற பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் ஃபெடரல் ஒப்பந்தங்கள் என்ற கட்டத்தில் எழுத்துகள் இருக்கும். 'ஜி' என்ற எழுத்து இருந்தால் மானியம் வாங்கிய நிலையம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அல்லது முழுக்கத் தனியார் நிலையமாக இருந்தால், இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி உங்களுக்கு உதவாது. அவர்கள் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் இறங்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன்

அந்தச் சனிக்கிழமை நான் செய்யாமல் விட்டது இது. ஃபோர்ஃப்ளைட் செயலியிலும் ஏர்நாவ் இணையதளத்திலும் எரிபொருள் விலை இருக்கும், மற்ற பைலட்டுகள் எழுதிய குறிப்பும் இருக்கும், பைலட்டுகளின் பெரிய சங்கமான ஏஓபிஏ-வின் விமான நிலைய டைரக்டரியிலும் சில எஃப்.பி.ஓ.க்களின் கட்டணங்கள் இருக்கும். ஆனால் எதையும் நம்பி மட்டும் போகாதீர்கள், நேராகப் போன் பண்ணுங்கள். "கட்டணம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்டால் ராம்ப் ஃபீயை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "ஒற்றை எஞ்சின் பிஸ்டன், 172, இரண்டு மணி நேரம் நிற்கும், ராத்திரி தங்காது. எரிபொருள் போடாவிட்டால் நான் கிளம்பும்போது கையில் வரும் பில் மொத்தம் எவ்வளவு? எத்தனை கேலன் போட்டால் எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி ஆகும்? உங்களிடம் வராமல் நிறுத்தப் பொது இடம் இருக்கிறதா?" பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்கினால் இன்னும் நல்லது.

எரிபொருள் போட்டால் தள்ளுபடி என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 172-ல் மொத்தம் 56 கேலன் பிடிக்கும், ஒரு மணிக்கு எட்டரை ஒன்பது கேலன் குடிக்கும். முழு டாங்கோடு கிளம்பியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் 13 கேலன் போலத்தான் காலியாகியிருக்கும். 20 கேலன் போட்டால்தான் கட்டணம் கழியும் என்றால் ஊற்ற இடமே இருக்காது! அதனால் போகும் இடத்தில் போடுவதாக இருந்தால் இங்கிருந்தே குறைவாக எடுத்துப் போகத் திட்டமிட வேண்டும், சட்டப்படி வேண்டிய இருப்புக்கு மேலேயே நிறைய மிச்சம் வைத்துத்தான். அப்புறம் விலை வித்தியாசம். அங்கே கேலனுக்கு 2 டாலர் அதிகம், குறைந்தது 15 கேலன் போட வேண்டும் என்றால் தள்ளுபடிக்கு நீங்கள் கொடுக்கும் விலை 30 டாலர். ராம்ப் ஃபீ 20 டாலர் என்றால் எரிபொருள் போடாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருவதே லாபம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேகம் இறங்கிவிட்டது, எஞ்சின் சத்தம் சரியில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் கட்டணத்தை நினைக்கவே நினைக்காதீர்கள், கிட்டே இருக்கும் ஓடுபாதையில் இறங்குங்கள். 94 டாலர் பில் ஒன்று எந்த பைலட்டையாவது "இன்னும் 20 மைல் போய்விடலாம்" என்று யோசிக்க வைத்தால் அது பணப் பிரச்சினை மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. நீங்கள் எழுதப்போகும் கடிதத்திலும் இதை எழுதுங்கள், ஏனென்றால் நிலையத்தை மேற்பார்வை பார்க்கும் விமான நிலையக் கமிஷனில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பைலட்டுகள் இல்லை, இந்தக் கோணம் அவர்களுக்குத் தோன்றியே இருக்காது.

பில் கைக்கு வந்த பிறகு

கட்டிவிடுங்கள். கட்ட மாட்டேன் என்று நின்றால் விமானத்தை நகர்த்துவதில் தகராறு வரும், வாடகை விமானமாக இருந்தால் பில் கிளப்புக்குப் போய் உங்கள் பெயர்தான் கெடும். கிரெடிட் கார்டு கம்பெனியிடம் தகராறு எழுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதில் ஜெயித்தாலும் உங்கள் 94 டாலர்தான் திரும்பும், அடுத்த வாரம் வருபவரிடம் அதே பில்லைத்தான் நீட்டுவார்கள்.

ஆனால் மூன்று காரியங்களை அங்கேயே செய்துவிடுங்கள். தனித்தனியாக எழுதிய ரசீது வாங்குங்கள், மொத்தத் தொகை மட்டும் போட்ட கார்டு சீட்டு போதாது. ஒவ்வொரு கட்டணமும் எதற்கு என்று அமைதியாகக் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபீக்கு "அது எல்லாருக்கும் வரும்" என்றுதான் சொன்னார்கள், கடிதத்தில் அந்த வரியை அப்படியே போட்டேன். கட்டணப் பலகை எங்கேயாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து விமானம் நின்ற இடத்தையும் ஒரு படம். மற்ற விமானங்கள் எங்கே நிற்கின்றன, காலி இடம் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியட்டும். பின்னால் "இடப் பற்றாக்குறை" என்று சொல்வார்கள். என் படத்தில் அன்று 11 இடம் காலி.

அதிகம் என்பதை எப்படிக் காட்டுவது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "அநியாயம்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எஃப்.ஏ.ஏ. எந்த நிலையத்துக்கும் விலை நிர்ணயிப்பதில்லை, இத்தனை டாலருக்கு மேல் போனால் தவறு என்ற கோடும் கிடையாது. அது பார்ப்பது விலை எப்படி வந்தது, எல்லாருக்கும் ஒரே அளவுகோலா, சொந்தக்காரர் தன் கடமையைச் செய்தாரா என்பதைத்தான். ஒரே ஒரு எஃப்.பி.ஓ. இருப்பதும் தானாகவே தவறாகிவிடாது. இன்னொருவர் கடை போட வந்து, அவரை உள்ளே விடாமல் வைத்திருந்தால்தான் தவறு, அது 23-ம் உறுதிமொழி. எரிபொருள் நிறைய வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுப்பதையும் 22 அனுமதிக்கிறது, பாகுபாடில்லாமல் கொடுத்தால்.

எஃப்.பி.ஓ. பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வாடகை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, விற்கும் ஒவ்வொரு கேலனுக்கும் நிலையத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், ராத்திரி ஆள் வைக்க வேண்டும். எரிபொருள் வாங்காமல் வந்து நிறுத்திவிட்டுப் போகிற எனக்கு 15, 20 டாலர் போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் கேட்காத, எனக்குக் கொடுக்காத சேவைக்கு ஹேண்ட்லிங் என்று பெயர் வைத்து 40 டாலர் வாங்குவதைத்தான் கேட்கிறேன்.

ஒப்பீடுதான் உங்கள் பலம். சுமார் 50 மைல் சுற்றளவில் இருக்கும் ஐந்தாறு நிலையங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே கேள்விகளோடு போன் பண்ணி, 172-க்கு எரிபொருள் இல்லாமல் இரண்டு மணி நேரம் என்ற ஒரே கணக்கில் அட்டவணை போடுங்கள். ஓடுபாதை நீளம், கன்ட்ரோல் டவர் உண்டா, விமான கம்பெனிகளின் சர்வீஸ் உண்டா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், "அது சின்ன நிலையம், இதோடு ஒப்பிட முடியாது" என்ற பதிலுக்கு இடம் கொடுக்காமல். எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. ஐந்தில் மூன்று இடத்தில் கட்டணமே இல்லை, ஒன்றில் 10, இன்னொன்றில் 25.

அடுத்தது ஆவணங்கள். நகரமோ கவுன்ட்டியோ அரசு அமைப்பு, மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி கேட்டால் கொடுக்க வேண்டும். நான் கேட்டவை: எஃப்.பி.ஓ.வுடன் போட்ட குத்தகை ஒப்பந்தம், நிலையத்தில் தொழில் செய்பவர்களுக்கான குறைந்தபட்ச விதிகள், நிலையம் அங்கீகரித்த கட்டண அட்டவணை, கடைசியாக ராம்ப் போட்ட மானியத்தின் ஆண்டும் தொகையும். குத்தகை 60 பக்கம் இருந்தது. இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். நியாய விலை என்ற நிபந்தனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதை யார் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா. அப்புறம் கடைசியில் இணைத்திருக்கும் வரைபடம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். சில இடங்களில் எஃப்.பி.ஓ. வசூலிக்கும் ராம்பில் ஒரு பகுதி அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும், அதாவது இன்னும் பொது இடமாகவே இருக்கும். விமான கம்பெனிகள் வந்துபோகும் நிலையம் என்றால் எஃப்.ஏ.ஏ.வுக்கு வருடாவருடம் கொடுக்கும் 5100-127 என்ற நிதி அறிக்கையும் இணையத்தில் கிடைக்கும், எஃப்.பி.ஓ.க்களிடமிருந்து நிலையத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அதில் தனி வரி உண்டு.

கடிதம், பிறகு கூட்டம்

விமான நிலைய மேனேஜருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, டெயில் நம்பர் (விமானத்தின் பதிவு எண்), எவ்வளவு நேரம் நின்றது, என்ன சேவை வாங்கினேன், என்ன பில் வந்தது. பிறகு அட்டவணை. பிறகு 22-ன் உட்பிரிவு பி. கடைசியில் பதில் சொல்லக்கூடிய மூன்று கேள்விகள்: இந்தக் கட்டணங்கள் நியாயமானவை என்று நிலையம் எப்போது, எதை வைத்துப் பார்த்தது? கேட்காத சேவைக்குக் கட்டணம் வாங்கக் குத்தகையில் எந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது? எஃப்.பி.ஓ.வைத் தொடாமல் சின்ன விமானங்கள் நிற்கப் பொது இடம் ஒதுக்க முடியுமா? பதில் வர 30 நாள் கொடுத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். கோபமாக ஒரு வார்த்தை கூட வேண்டாம், அந்தக் கடிதம் ஒரு நாள் எஃப்.ஏ.ஏ. அதிகாரி மேசையில் இருக்கலாம்.

மூன்றாவது கேள்விதான் என் அனுபவத்தில் கதவைத் திறந்தது. விலையைக் குறை என்றால் அவர்களுக்கு வக்கீல், குத்தகை, கம்பெனி என்று ஆயிரம் தயக்கம். மூன்று இடத்துக்குக் கோடு போட்டு, விமானத்தைக் கயிற்றால் கட்டத் தரையில் வளையம் பதித்துக் கொடு என்றால் அது ஒரு பெயிண்ட் டப்பா வேலை. நிற்க வேறு இடம் இருக்கிறது என்றாலே எஃப்.பி.ஓ.வும் விலையை யோசித்துப் போடும்.

30 நாளில் சரியான பதில் வராவிட்டால் கமிஷன் கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் மாதம் ஒரு முறை கூடும், நிகழ்ச்சி நிரல் சில நாள் முன்பே இணையத்தில் வரும், பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் போலக் கிடைக்கும். வெளியூர்க்காரர் நீங்கள் தனியாகப் போனால் எடுபடாது, உள்ளூர் ஆட்களைத் தேடுங்கள். விமான ஆர்வலர் சங்கமான ஈஏஏ-வின் கிளை அநேகமாக இருக்கும், ஏஓபிஏ-வின் தன்னார்வலர் ஒருவரும் அந்த நிலையத்துக்கென்று இருக்கலாம், ஏஓபிஏ-வைக் கேட்டால் சொல்வார்கள். நான் போன கூட்டத்தில் என்னைவிட நன்றாகப் பேசியவர் ஊர்க் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பெரியவர். முன்பெல்லாம் சனி ஞாயிறுகளில் பைலட்டுகள் குடும்பத்தோடு வந்து சாப்பிடுவார்கள், இரண்டு வருடமாக யாரும் வருவதில்லை, ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார். கமிஷனில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

எஃப்.ஏ.ஏ.விடம் போவது

உள்ளூரில் நடக்கவில்லை என்றால் ஃபெடரல் விமான விதிகளில் பார்ட் 13. இது முறைசாராப் புகார், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, எஃப்.ஏ.ஏ.வின் வட்டார விமான நிலைய அலுவலகத்துக்கு எழுதினால் போதும். உங்கள் கடிதங்கள், பதில்கள், ரசீது, அட்டவணை, குத்தகையில் சம்பந்தப்பட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். ஏஓபிஏ 2017 ஆகஸ்டில் இதே வழியில்தான் போனது. வட கரோலினாவில் ஆஷ்வில், இல்லினாயில் வாக்கீகன், ஃப்ளோரிடாவில் கீ வெஸ்ட் என்று ஒரே எஃப்.பி.ஓ. இருந்த மூன்று நிலையங்களின் மீது ஒன்றாகப் புகார் கொடுத்தது. அந்த வருடக் கடைசியில் எஃப்.பி.ஓ. விலைகள் பற்றி எஃப்.ஏ.ஏ. கேள்வி பதிலாக ஒரு விளக்கமும் வெளியிட்டது, அதையும் உங்கள் புகாரோடு வைத்துப் படியுங்கள்.

அதற்கு மேல் பார்ட் 16. இது வழக்கு மாதிரி. கட்டணத்தால் நேரடியாகவும் கணிசமாகவும் பாதிக்கப்பட்டவர்தான் போட முடியும், முதலில் பேசித் தீர்க்க உண்மையாக முயன்றதைக் காட்ட வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். ஒரு முறை இறங்கி 94 டாலர் கட்டிய என்னைப் போன்றவர் தனியாக இதில் இறங்குவதை நான் சொல்ல மாட்டேன், அந்த நிலையத்தையே இருப்பிடமாக வைத்திருக்கும் கிளப்போ விமானப் பள்ளியோ சேர்ந்தால் யோசிக்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் லோகன் கதையைச் சொல்வேன். 1988-ல் அங்கே நெரிசலைக் குறைக்கிறோம் என்று எடைக்கு ஏற்ற லேண்டிங் ஃபீயை மாற்றி, பெரும்பகுதியை ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரே தொகையாக ஆக்கினார்கள். பெரிய ஜெட்டுகளுக்குக் குறைந்தது, சின்ன விமானங்களுக்குப் பல மடங்கு ஏறியது. பைலட்டுகளும் வணிக விமான உரிமையாளர்களும் புகார் கொடுத்தார்கள், அந்த வருட டிசம்பரிலேயே ஃபெடரல் போக்குவரத்துத் துறை அது நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னது, மானியம் போய்விடும் என்ற நிலையில் பாஸ்டன் பின்வாங்கியது. 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் துறையின் பக்கமே நின்றது. இத்தனைக்கும் அது நாட்டின் பெரிய நிலையங்களில் ஒன்று.

தபாலில் வரும் பில்

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி அது. அதன் சிக்னலைப் பிடித்து, டெயில் நம்பரை வைத்து உரிமையாளர் முகவரியைத் தேடி, லேண்டிங் ஃபீ பில் அனுப்பும் வேலையைச் சில நிலையங்கள் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்திருக்கின்றன. ஒரு பாடத்தில் எட்டு முறை இறங்கி ஏறும் மாணவருக்கு எட்டு பில். இதைப் பார்த்து யாராவது பயிற்சி இறக்கங்களைக் குறைத்துக்கொண்டால், கருவியை அணைத்து வைத்தால், அதன் விளைவு என்னவாகும் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தப் பயன்பாட்டைத் தடுக்க 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறது, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நாலு வரி எழுதுங்கள்.

இப்படிப் பில் வந்தால் உங்கள் பறப்புப் பதிவோடு தேதியையும் நேரத்தையும் ஒத்துப் பாருங்கள். தரையைத் தொடாமல் மேலே போனதையும் இறங்கியதாகக் கணக்கு வைத்திருக்கலாம். கட்டணத்தை அங்கீகரித்த தீர்மானத்தின் நகலையும், அதே கட்டணம் உள்ளூர் விமானங்களுக்கும் உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நான் எழுதிய நிலையத்தில் ராம்ப் ஃபீ இன்னும் அதே 35-தான். ஆனால் பழைய டெர்மினல் பக்கம் சின்ன விமானங்களுக்கு மூன்று இடம் கோடு போட்டுவிட்டார்கள், பகலில் கட்டணம் இல்லை. ஏப்ரலில் போய் நிறுத்தினேன். இந்த மாதிரி பொது இடத்தில் ஆள் யாரும் வர மாட்டார்கள், அதனால் சக்கரக் கட்டையும் கயிறும் கையோடு கொண்டுபோங்கள். வேலியில் இருக்கும் சின்னக் கதவு வெளியே போகும்போது தானாகத் திறக்கும், திரும்பி வர எண் வேண்டும். உள்பக்கம் எழுதி ஒட்டியிருப்பார்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு வெளியே போங்கள்.